கிளிம்மர்: முணுக் முணுக்குன்னு எரியுற ஒரு சொல்

ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கிட்டு அதைச் சுத்திச் சுத்திப் பேசுற நம்ம வழக்கமான எபிசோட் இது. இன்னைக்கு எடுத்திருக்கிற சொல் 'கிளிம்மர்'. கேட்க நேரமில்லாதவங்களுக்காக எழுத்துலயும் போடுறோம். பேச்சுல வந்த இழுவைகளையும், நான் அடிக்கடி சொல்ற 'அதாவது'களையும் வெட்டியிருக்கோம். மத்தபடி பேசினது பேசினபடிதான்.

இந்தச் சொல்லை எடுத்ததுக்குக் காரணம் ஒரு கடிதம். எழுதினவங்க ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. அவங்ககிட்ட படிச்ச பொண்ணு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒண்ணுக்கு விண்ணப்பம் போடுது. அதுக்கு இவங்க பரிந்துரைக் கடிதம் தரணும். ரொம்ப மனசு வெச்சு, ரெண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்காங்க. அதுல ஒரு வரி: 'ஷீ ஹேஸ் எ கிளிம்மர் ஆஃப் டேலன்ட் இன் மேத்தமேட்டிக்ஸ்.' அனுப்புறதுக்கு முன்னாடி தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட காட்டியிருக்காங்க. அவர் படிச்சுட்டு, 'டீச்சர், இந்த வரி அந்தப் பொண்ணைத் தூக்கிவிடுதா, கவுத்துவிடுதா?'ன்னு கேட்டிருக்கார். டீச்சருக்கு ஒண்ணும் புரியலை. 'கிளிம்மர்னா மின்னுறதுதானே? அகராதியில அப்படித்தானே போட்டிருக்கு? அந்தப் பொண்ணு கணக்குல நிஜமாவே மின்னுறாளே!' இதுதான் அவங்க கேள்வி.

கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்குன்னும் எழுதியிருந்தாங்க. அதனால வரிசையில இருந்த மத்த சொற்களையெல்லாம் தள்ளிவெச்சுட்டு இதை முன்னாடி கொண்டு வந்துட்டேன்.

முதல்ல அர்த்தம். அகராதி அர்த்தத்தை ஓரமா வெச்சுட்டு ஒரு காட்சியை நினைச்சுப் பாருங்க. ராத்திரி பஸ்ல ஊருக்குப் போறீங்க. ஜன்னலோர சீட்டு. வெளியில கும்மிருட்டு. ரொம்பத் தூரத்துல, பனைமரங்களுக்கு நடுவுல, ஒரு வெளிச்சம். யாரோ வீட்டு வாசல் பல்பா இருக்கலாம், கொல்லையில யாராவது டார்ச் வெச்சுக்கிட்டு நடக்கலாம். மரம் குறுக்க வந்தா மறையுது. மரம் போனா மறுபடி தெரியுது. கொஞ்ச நேரம் கழிச்சு, 'நிஜமாவே பார்த்தோமா, இல்லை கண்ணு ஏமாத்துச்சா'ன்னு ஒரு சந்தேகம் வரும் பாருங்க. அந்த வெளிச்சம்தான் கிளிம்மர்.

இதுல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, வெளிச்சம் ரொம்பக் கம்மி. ரெண்டு, அது நிலையா இல்லை, வருது, போகுது. இந்த ரெண்டும் சேர்ந்தாத்தான் கிளிம்மர். கம்மியா இருந்து நிலையா எரிஞ்சா அதுக்கு வேற பேரு. பிரகாசமா இருந்து ஆடினா அதுக்கும் வேற பேரு. இன்னொண்ணையும் கவனிக்கணும்: கிளிம்மர்னு நீங்க சொன்ன உடனேயே, சுத்தி இருட்டா இருக்குன்னும் சேர்த்துச் சொல்லிட்டீங்க. பகல்ல எதுவும் கிளிம்மர் ஆகாது.

வேடிக்கை என்னன்னா, இந்தச் சொல் பிறக்கும்போது இவ்வளவு மங்கலா இல்லை. 14-ஆம் நூற்றாண்டுக் கடைசியில ஆங்கிலத்துல இது 'பிரகாசமா ஒளிவிடுறது'ங்கிற அர்த்தத்துலதான் இருந்தது. 15-ஆம் நூற்றாண்டுக்குள்ள 'மங்கலா ஒளிவிடுறது'ன்னு இறங்கிடுச்சு. நம்ம டீச்சர் ஒரு 600 வருஷம் முன்னாடி கடிதம் எழுதியிருந்தா ஒரு பிரச்சினையும் இல்லை!

இதோட சொந்தக்காரங்க ஜெர்மன் மொழியிலயும் இருக்காங்க. 'கிளிம்மென்'னு ஒரு வினைச்சொல். கொழுந்துவிடாம, உள்ளுக்குள்ளயே கனன்றுகிட்டு இருக்கிற நெருப்பைச் சொல்றது. அதே ஜெர்மன்ல 'கிளிம்மர்'னு ஒரு பெயர்ச்சொல்லும் உண்டு. அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? மைக்கா. நம்ம ஊர்ல காக்காப்பொன்னுன்னு சொல்வோமே, அதேதான். சின்ன வயசுல மண்ணுல அது கிடைச்சா தங்கம்னு நினைச்சுத் தீப்பெட்டியில சேர்த்து வெச்சிருப்போம். ஒரு பக்கம் சாய்ச்சா பளிச்சுனு இருக்கும், இன்னொரு பக்கம் சாய்ச்சா ஒண்ணுமே இருக்காது. அந்தக் கல்லுக்கு இந்தப் பேரை வெச்சவங்க சரியாத்தான் வெச்சிருக்காங்க.

சரி, அந்த 'வருது, போகுது'ங்கிற ஆட்டம் சொல்லுக்குள்ள எங்கிருந்து வந்தது? கடைசியில இருக்கிற அந்த 'அர்' ஒலியைப் பாருங்க. இது டீச்சர், டிரைவர்ல வர்ற 'அர்' இல்லை. அது ஆளைக் குறிக்கிறது. இது வேற. ஒரு செயல் சின்னச் சின்னதா, திரும்பத் திரும்ப நடக்குதுன்னு காட்டுறது. ஃபிளிக்கர், ஷிம்மர், கிளிட்டர், ஃபிளட்டர், சாட்டர். எல்லாத்துலயும் அதே வால். கண்ணு முன்னாடி ஏதோ படபடக்குது, இல்லைன்னா காதுல ஏதோ கடகடங்குது.

'படபட', 'கடகட'ன்னு நான் சொன்னதைக் கவனிச்சீங்களா? ஆங்கிலம் ஒரு வாலை ஒட்டிச் செய்யுற வேலையைத் தமிழ் சொல்லையே ரெண்டு தடவை சொல்லிச் செய்யுது. இரட்டைக்கிளவின்னு தொல்காப்பியமே பேர் வெச்ச சமாச்சாரம். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, கொஞ்ச நேரத்துல திரும்ப வருவோம்.

வாலைப் பார்த்தாச்சு. இப்போ தலை. ஆங்கிலத்துல 'கிள்' ஒலியில ஆரம்பிக்கிற சொற்களை வரிசையா அடுக்கினா ஆச்சரியமா இருக்கும். கிளிம்மர், கிளீம், கிளின்ட், கிளிட்டர், கிளிஸன், குளோ, கிளேர், கிளாஸ், கிளான்ஸ், கிளிம்ப்ஸ். ஒண்ணு வெளிச்சத்தைப் பத்தியிருக்கும், இல்லைன்னா பார்வையைப் பத்தியிருக்கும். ஒரு ஒலிக்கூட்டம் இப்படி ஒரு அர்த்தத்தோட ஒட்டிக்கிட்டே வர்றதுக்கு 'ஃபோனஸ்தீம்'னு பேர். ஜே. ஆர். ஃபர்த்ங்கிற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1930-ல வெச்ச பேர் அது. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் அவர் லாகூர்ல ஆங்கிலப் பேராசிரியரா இருந்தவர். 'கிளாட்', அதாவது சந்தோஷம்ங்கிற சொல்கூட பழைய ஆங்கிலத்துல 'ஒளியான, பளபளப்பான'ங்கிற அர்த்தத்துல இருந்ததுதான். நாமளும் முகமலர்ச்சியை 'முகம் பிரகாசமா இருக்கு'ங்கிறோம் இல்லையா.

ஆனா இதைப் பெரிய விதியா எடுத்துக்காதீங்க. கையுறைக்குக் 'கிளவ்', பசைக்குக் 'குளூ'. அதுல என்ன வெளிச்சம் இருக்கு? 'குளூம்'னா இருட்டே. ஒலி ஒரு சாயலைக் கொடுக்கும், அவ்வளவுதான்.

இந்தக் 'கிள்' குடும்பத்துல யார் யாருன்னு பிரிச்சுத் தெரிஞ்சுக்கலைன்னா எழுதும்போது மாட்டிக்குவோம். நான் வகுப்புல இதை வீட்டுச் சாமான்களை வெச்சுத்தான் சொல்லிக்கொடுக்கிறது. புளி போட்டுத் தேய்ச்சு வெச்ச பித்தளைக் குத்துவிளக்கு இருக்கு பாருங்க, ஏத்தாமலேயே ஒரு பளபளப்போட நிக்கும். அது கிளீம். சுத்தமா, நிலையா, மேற்பரப்புல இருந்து வர்ற ஒளி. அரிவாள் விளிம்புல வெயில் பட்டு ஒரு நொடி கண்ணுல குத்துதே, அது கிளின்ட். கண்ணாடி போட்டவர் தலையைத் திருப்பும்போது வர்றதும் அதுதான். மழை விட்டதும் வாழையிலை, எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கப் போற குழந்தையோட முதுகு: இதெல்லாம் கிளிஸன். ஈரமோ எண்ணெயோ இருக்கணும். கல்யாண மண்டபத்து ஜிகினா கிளிட்டர். நூறு புள்ளி ஒரே நேரத்துல மின்னும், கொஞ்சம் ஜாஸ்தியாவே மின்னும். அதனாலதான் ஆங்கிலத்துல கிளிட்டர்னு சொன்னா சில சமயம் 'வெளிப்பகட்டு'ங்கிற வாடையும் அடிக்கும். அடுப்புல தணல் குளோ. எதிர்ல வர்ற லாரிக்காரர் ஹை பீமைக் குறைக்காம வர்றார் பாருங்க, அது கிளேர். அதே வார்த்தைதான் முறைச்சுப் பார்க்கிறதுக்கும்.

குடும்பத்துக்கு வெளியில ரெண்டு பேர் அடிக்கடி குழப்புவாங்க. ஷிம்மர், ஃபிளிக்கர். காஞ்சிப் பட்டை மடியில விரிச்சு லேசா அசைச்சா ஒளி அலை மாதிரி ஓடும். அது ஷிம்மர். வெயில் காலத்துல தார் ரோட்டு மேல தண்ணி மாதிரி தெரியுறதும் ஷிம்மர்தான். ஃபிளிக்கர் காத்துல ஆடுற சுடர். அது நல்லா பிரகாசமாவே ஆடலாம், டியூப்லைட்டுகூட ஃபிளிக்கர் ஆகும். கிளிம்மர் ஆகணும்னா மங்கலா இருந்தே ஆகணும். இதுல எதையாவது மறந்தாலும் இந்தக் கடைசி வித்தியாசத்தை மட்டும் மறக்காதீங்க.

கிளிம்ப்ஸ் பத்தி ஒரு வார்த்தை. படம் வர்றதுக்கு முன்னாடி 'கிளிம்ப்ஸ் வீடியோ' விடுறாங்க இல்லையா, அதனால இது எல்லாருக்கும் தெரியும். கிளிம்ப்ஸ் பார்வை. நாம ஒரு நொடி பார்த்தது. கிளிம்மர் ஒளி. அங்க ஒரு நொடி தெரிஞ்சது. கூட்டத்துல நடிகரோட கிளிம்ப்ஸ் கிடைக்கும், கிளிம்மர் கிடைக்காது.

இப்போ தமிழுக்கு வருவோம். டீச்சர் சறுக்கின இடம் இங்கதான் இருக்கு. நம்மகிட்டயும் ஒரு ஒளிக் குடும்பம் இருக்கு. 'மின்'ங்கிற வேர்ல இருந்து மின்னல், மின்மினி, மினுக்கு, மினுங்கு, மினுமினுப்பு, அப்புறம் மின்சாரம் வரைக்கும். ஆனா இந்தக் குடும்பத்துல ரொம்பப் பேர் பிரகாசமான ஆளுங்க. 'அவ படிப்புல மின்னுறா'ன்னா பாராட்டு. 'மினுக்கிக்கிட்டுத் திரியுறா'ன்னா அலங்காரம் தூக்கலா இருக்குன்னு ஒரு குத்தல். ரெண்டுலயுமே 'ஒளி பத்தலை'ங்கிற அர்த்தம் கிடையாது. ஆங்கில அகராதியைத் தமிழாக்குறவங்க கிளிம்மருக்கு 'மினுக்கொளி'ன்னு போட்டா அதுல தப்பு சொல்ல முடியாது. படிக்கிறவங்க மனசுல மட்டும் வேற படம் ஓடும்.

கிளிம்மருக்கு நேரான தமிழ் அகராதியில இல்லை, நம்ம வாய்ல இருக்கு. எண்ணெய் தீரப்போற சிம்னி விளக்கைப் பார்த்து வீட்டுல என்ன சொல்வாங்க? 'முணுக் முணுக்குன்னு எரியுது.' கரெக்டா அதேதான். கம்மியான வெளிச்சம், நிலையில்லாத வெளிச்சம், எந்த நொடியும் போயிடலாம்ங்கிற பயம். மூணும் அந்த ரெட்டைச் சொல்லுக்குள்ள இருக்கு. ஆங்கிலத்தோட வால் செஞ்ச வேலையை நம்ம இரட்டிப்பு செஞ்சிருக்கு. 'இவ்வளவு கச்சிதமா ஒரு சொல்லை வெச்சுக்கிட்டு ஏன் "மங்கிய ஒளிக்கீற்று"ன்னெல்லாம் எழுதுறோம்'னு எனக்கு அடிக்கடி தோணும். பேச்சு வழக்கை எழுத்துல விடுறதுக்கு நமக்கு இன்னும் கூச்சம்.

கிளிம்மர் ஒரு காலத்துல அடுப்பங்கரைக்குள்ளயே புகுந்து உட்கார்ந்திருந்தது. ஊர், அயர்லாந்துல இருக்கிற டப்ளின். காலம், இரண்டாம் உலகப் போர். அயர்லாந்து அந்தப் போர்ல நடுநிலை வகிச்சது. அந்த வருஷங்களை அவங்க 'தி எமர்ஜென்சி'ன்னே சொல்வாங்க. நமக்கு எமர்ஜென்சின்னா 1975, அவங்களுக்கு இது. அப்போ டப்ளின் வீடுகள்ல சமையல் எரிவாயு குழாய்ல வரும். அது நிலக்கரியில இருந்து எடுக்கிற வாயு. நிலக்கரியோ பிரிட்டன்ல இருந்து வரணும். போர்ல அது குறைஞ்சுபோக, கேஸுக்கு ரேஷன் வந்தது. நாள்ல சில மணி நேரம் மட்டும்தான் சப்ளை. நிறுத்தின பிறகும் குழாய்க்குள்ள கொஞ்சம் வாயு தேங்கி நிக்கும் இல்லையா? பத்த வெச்சா நீலமா, நூல் மாதிரி ஒரு சுடர் வரும். அதுக்கு ஜனங்க வெச்ச பேர் 'தி கிளிம்மர்'. அதுல ஒரு கெட்டில் தண்ணி கொதிக்க வைக்கிறதுக்குள்ள யுகம் ஆகும். ஆனாலும் டீ குடிக்காம இருக்க முடியுமா?

அந்த மிச்ச வாயுவை எரிக்கக் கூடாதுன்னு தடை. அதைக் கண்டுபிடிக்க 'அலையன்ஸ் அண்ட் டப்ளின் கன்ஸ்யூமர்ஸ் கேஸ் கம்பெனி' ஆய்வாளர்களை அனுப்பிச்சது. அவங்க வீட்டுக்குள்ள வந்து அடுப்பு மேல கையை வெச்சுப் பார்ப்பாங்க. சூடா இருந்தா தீர்ந்தது, இணைப்பையே துண்டிக்கலாம். அவங்களுக்குத்தான் 'கிளிம்மர் மேன்'னு பேர். தெருவுல அவர் தலை தெரிஞ்சதும் பிள்ளைங்க ஓடி வந்து கத்தி எச்சரிக்கை கொடுக்கும். வீட்டுல இருக்கிறவங்க ஈரத்துணியைப் போட்டு அடுப்பை ஆத்துவாங்க. கேஸ் இல்லைன்னு சொல்ல முடியாத, இருக்குன்னும் சொல்ல முடியாத அந்த அளவுக்கு அவங்க தேடிப் பிடிச்ச சொல்லைப் பாருங்க. இந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரிஞ்சு எந்த அகராதியிலயும் இல்லை.

கொஞ்ச வருஷமா கிளிம்மருக்குப் புதுசா ஒரு வேலையும் கிடைச்சிருக்கு. அதைச் சுருக்கமா சொல்லிடறேன். சமூக ஊடகத்துல 'கிளிம்மர்ஸ்'னு பன்மையில பார்த்திருப்பீங்க. டெப் டேனாங்கிற அமெரிக்க மருத்துவ சமூகப் பணியாளர் 2018-ல வந்த தன்னோட புத்தகத்துல பயன்படுத்தி, அங்கிருந்து பரவினது. பழைய காயத்தைக் கிளறிவிடுற விஷயத்தை 'டிரிக்கர்'ங்கிறாங்க இல்லையா, அதுக்கு எதிர்ப்பக்கம் இது. பாதுகாப்பா இருக்கோம்னு உடம்புக்குத் தோண வைக்கிற சின்னச் சின்ன கணங்கள். காலை வெயில், தெரிஞ்ச குரல், காபி வாசனை. இதுக்குப் பின்னால இருக்கிற 'பாலிவேகல்' கோட்பாட்டை உடலியல் ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் ஏத்துக்கலை, அந்தச் சண்டை தனி. சொல்லைப் பொறுத்தவரைக்கும் பொருத்தமாத்தான் எடுத்திருக்காங்க. பெரிய சந்தோஷத்துக்கு அவங்க இந்தப் பேரை வைக்கலை.

இனி பயன்பாடு. தினசரி ஆங்கிலத்துல கிளிம்மர் அதிகமா வர்றது 'எ கிளிம்மர் ஆஃப்'ங்கிற அமைப்புலதான். பின்னாடி வர்றது பெரும்பாலும் நாம வேணும்னு எதிர்பார்க்கிற ஒண்ணா இருக்கும்: ஹோப், இன்ட்ரஸ்ட், அண்டர்ஸ்டாண்டிங், ரெகக்னிஷன். மறதி முத்திப்போன பாட்டி உங்களைப் பார்க்கிறாங்க, கண்ணுல ஒரு நொடி அடையாளம் தெரிஞ்ச மாதிரி ஏதோ வந்து போகுது. அது 'எ கிளிம்மர் ஆஃப் ரெகக்னிஷன்'. கணக்குப் பாடம் நடத்துறீங்க, முப்பது பேர் முகத்துல ஒண்ணும் இல்லை, கடைசி பெஞ்சுல ஒருத்தன் புருவம் மட்டும் லேசா ஏறுது. அது 'எ கிளிம்மர் ஆஃப் அண்டர்ஸ்டாண்டிங்'. எதிர்மறையில இன்னும் வலுவா வரும்: 'நாட் எ கிளிம்மர்'. துளிகூட இல்லைன்னு அர்த்தம். முன்னாடி போடுற அடைகள் 'ஃபெயின்ட்', 'ஸ்லைட்', 'ஃபர்ஸ்ட்', 'லாஸ்ட்'. 'பிக் கிளிம்மர்', 'கிரேட் கிளிம்மர்' எழுதாதீங்க. நம்ம ஆட்கள் மின்னஞ்சல்ல இதைப் பார்க்கிறேன். 'முணுக் முணுக்குன்னு ஜெகஜோதியா எரிஞ்சது'ன்னு சொல்ற மாதிரி இருக்கு.

விளையாட்டுச் செய்தியில 'கிளிம்மர்ஸ் ஆஃப் ஹிஸ் ஓல்ட் ஃபார்ம்'னு எழுதுவாங்க. கேட்க இனிப்பா இருக்கும். உள்ளே இருக்கிற செய்தி: பழைய ஆட்டம் போயிடுச்சு, அங்கங்க ஒரு ஷாட்டுல மட்டும் எட்டிப் பார்க்குது.

இருக்கிறதுலயே அதிகம் புழங்குறது 'எ கிளிம்மர் ஆஃப் ஹோப்'. இதைத் தமிழ்ப் பத்திரிகைகள் 'நம்பிக்கைக் கீற்று'ங்கிறாங்க. மோசமில்லை. ஆனா கீற்று ஒரு கோடு மாதிரி நேரா, உறுதியா விழுறது. அது 'ரே ஆஃப் ஹோப்'புக்குப் பொருத்தம். ரே வந்தா பாதை தெரியும். கிளிம்மர் வந்தா, 'அங்க ஏதோ இருக்கு போல'ன்னு மட்டும்தான் தெரியும். இந்த வித்தியாசத்தை நான் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கலை.

காலேஜ்ல ரெண்டாம் வருஷம் ஆங்கில இலக்கியம் படிச்சுக்கிட்டு இருந்தேன். எங்க சின்ன மாமா புனேயில வேலை பார்த்தார். அவருக்கு ரோட்டுல அடிபட்டு, நினைவில்லாம ஆஸ்பத்திரியில இருந்தார். கூட இருந்தது அத்தை மட்டும்தான். அவங்களுக்கு ஆங்கிலம் வராது, காய்கறி வாங்குற அளவுக்கு இந்தி. அதனால டாக்டர் சொல்றதைக் கேட்டுச் சொல்ல ஊர்ல இருந்து போன்ல நான். வீட்டுல ஆங்கிலம் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான்னு எல்லாருக்கும் பெருமை, எனக்கும்தான். மூணாம் நாள் டாக்டர் சொன்னது எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கு. கூப்பிட்டா ஒரு தடவை கண் இமை அசைஞ்சிருக்கு, 'தேர் இஸ் எ கிளிம்மர்'னார். அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு வாக்கியம் மெதுவா சொன்னார். நான் முதல் வாக்கியத்துலயே நின்னுட்டேன்.

போனை வெச்சுட்டுத் திரும்பினா பெரிய மாமா பையோட நிக்கிறார். சின்ன மாமாவைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அன்னைக்கு ராத்திரி ரயில். நான் சொன்னேன்: 'மாமா, நல்ல சேதி. நம்பிக்கை தெரியுதாம்.' நான் சொன்ன வாக்கியம் இவ்வளவுதான். அவர் அப்படியே திண்ணையில உட்கார்ந்துட்டார். களத்துல அறுத்துப் போட்ட நெல்லு கிடந்தது, மழை வேற மிரட்டிக்கிட்டு இருந்தது. 'அப்ப ரெண்டு நாள் பொறுத்து, நெல்லை ஏத்திட்டே கிளம்பிடறேன். அவன் கண்ணு முழிக்கும்போது கையில கொஞ்சம் காசோட போய் நிக்கணும்'னார். எல்லாரும் சரின்னோம். மறுநாள் ராத்திரி சின்ன மாமா போயிட்டார்.

பெரிய மாமா முந்தின ராத்திரியே கிளம்பியிருந்தா முகம் பார்த்திருப்பாரான்னு ரயில் நேரத்தை வெச்சுப் பல தடவை கணக்குப் போட்டிருக்கேன். அதை இங்க சொல்லப் போறதில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பல வருஷம் கழிச்சு ஒரு சாயங்காலம் அவரோட வயலுக்குப் போனேன். மோட்டார் ரூம்ல குண்டு பல்பு சிவந்து போய் எரிஞ்சுக்கிட்டு இருந்தது. லோ வோல்டேஜ். 'கரண்டு வந்துருச்சு மாமா, மோட்டாரைப் போடலாமா?'ன்னு கேட்டேன். பல்பைப் பார்த்தார். 'எங்க வந்துச்சு, முணுக் முணுக்குங்குது. இதை நம்பிப் போட்டா காயில் எரிஞ்சுடும்'னு சொல்லிட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வரப்புல நடந்துட்டார். அன்னைக்கு டாக்டர் சொன்னதை நான் எந்தச் சொல்லால சொல்லியிருக்கணுமோ அதை அவரே சொன்னார். அவருக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

இப்போ எங்கேயாவது மொழிபெயர்ப்புக்கு உட்கார்ந்தா, கிளிம்மர் வந்த உடனே அதுக்கு அடுத்த வாக்கியத்தைப் படிச்சுட்டுத்தான் பேனாவைத் தொடறேன். ஆங்கிலத்துல அதுக்குப் பின்னாடி பெரும்பாலும் ஒரு 'பட்' காத்துக்கிட்டு இருக்கும். டாக்டரோட அந்த ரெண்டு வாக்கியத்துலயும் அது இருந்திருக்கும்.

டீச்சருக்குப் பதில். நீங்க எழுதினபடி போனா, அந்தக் கடிதத்தைப் படிக்கிறவங்களுக்குப் போய்ச் சேர்ற செய்தி இதுதான்: 'கணக்குல இந்தப் பொண்ணுக்குப் பெருசா ஒண்ணும் வராது, எப்பவாவது லேசா ஏதோ தெரியும்.' இப்படி நாசூக்கா கைகழுவுறதுக்கே பரிந்துரைக் கடிதங்கள்ல இந்த மாதிரிச் சொற்களைப் பயன்படுத்துறவங்க உண்டு. அதனால அவங்க உங்க வரியை எழுத்துப்பிழைன்னு மன்னிக்க மாட்டாங்க, நீங்க வேணும்னே எழுதினதாத்தான் நினைப்பாங்க. எடுத்துடுங்க. அந்த இடத்துல 'ஷீ ஷைன்ஸ்'னு போட்டாலே 'மின்னுறா'ங்கிறது வந்துடும். அதைவிட நல்லது, எந்த அடைமொழியும் இல்லாம அவ செஞ்ச ஒண்ணை எழுதுறது. உங்க கடிதத்துல எனக்கே எழுதியிருந்தீங்க பாருங்க, பாடப் புத்தகத்துல இருந்த ஒரு கணக்கோட விடை தப்புன்னு அவ ஒன்பதாம் வகுப்புலயே கண்டுபிடிச்சு நிரூபிச்சுக் காட்டினாள்னு. அந்தச் சம்பவம் பரிந்துரைக் கடிதத்துல இல்லையே, ஏன்? அதை நாலு வரியா எழுதி, திருத்தின கடிதத்தை அனுப்புங்க. கடைசித் தேதிக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துத் தர்றேன்.

அடுத்த எபிசோட்ல 'டஸ்க்', 'டுவைலைட்' ரெண்டும். அந்தி, கருக்கல், மசங்கல்னு நம்மகிட்ட இருக்கிறதையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்போம். உங்க ஊர்ல அந்த நேரத்துக்கு வேற பேர் இருந்தா எழுதி அனுப்புங்க, எந்த ஊர்னும் குறிப்பிடுங்க.